எட்டில் ஒரு விநாடி

அப்பாவின் கேமராவில் நானூறு மீன்கொத்திப் படங்களைத் தள்ளிப் பார்த்தும் ஜெரூஷாவுக்கு அம்மாவின் முகம் கிடைக்கவில்லை. கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. நேற்று மாலை மாரடைப்பு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டு குரோம்பேட்டை ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். நான்கு மணிக்குச் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் அம்மா முகம் தெளிவாக ஒரே ஒரு படம் வேண்டும் அவளுக்கு.

படத்தில் இல்லாமல் என்ன, இருக்கிறாள். அப்பா சுந்தர்சிங் வங்கியிலிருந்து ஓய்வுபெற்று இந்தக் கேமராவை வாங்கிப் பதினொரு வருஷம். ஏரிக்கரைக்குப் போனால் சக்கரத்தை 'ஏ'யில் வைத்து லென்ஸின் துவாரமான அபெர்ச்சரை முழுசாகத் திறந்துவிடுவார். பறவை பளிச்சென்று விழும். பின்னால் ஃபிளாஸ்க்கோடு நிற்கும் அம்மா புஷ்பம் பச்சையில் கரைந்துபோவாள். வீட்டுக்குள் 'எஸ்', ஷட்டர் வேகத்தை அவரே வைப்பது. ஃபிளாஷ் போட்டால் அவருக்கு ஆகாது. அரை இருட்டில் எட்டில் ஒரு விநாடி ஷட்டரைத் திறந்துவைப்பார். அதற்குள் அம்மா குழம்பைக் கிளறியிருப்பாள். கிறிஸ்மஸ் கேக் வெட்டும் படத்தில்கூட அவள் வெறும் தீற்றல்.

யாராவது ஃபோனில் எடுத்தால், "இதெல்லாம் ஒரு படமா" என்பார். அண்ணன் ஜோஸ்வினும் அவளும் எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

"ஒண்ணுகூடவா இல்லப்பா?"

"அவ எங்க ஒரு எடத்துல நின்னா? அசையாதன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்."

அதுவும் அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு. கடைசியில் ஜோஸ்வின் அம்மாவின் ஆதார் படத்தைத்தான் கடைக்கு அனுப்பினான்.

பாஸ்டர் ஜெபித்து முடித்தார். உடலைச் சவப்பெட்டியில் கிடத்தி, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினார்கள். மூடுவதற்கு முன் குடும்பமாகச் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பது வழக்கம். அப்பா முக்காலியை விரித்தார்.

"ஃபோன்லயே எடுத்துடலாம்ப்பா," என்றான் ஜோஸ்வின்.

"நீ சும்மா இரு."

"ஆட்டோலயாவது வைங்கப்பா, இன்னிக்கு மட்டும்," என்றாள் ஜெரூஷா.

"எனக்குத் தெரியும்."

சக்கரம் 'எஸ்'ஸில்தான் போய் நின்றது. டைமரைப் போட்டுவிட்டு ஓடிவந்து பெட்டிக்குப் பின்னால் நின்றார். சிவப்பு விளக்கு மினுக்கியது. பொழிச்சலூர் மாடிகளுக்கு மேலே விமானம் ஒன்று தாழ்வாகப் போயிற்று. ஜெரூஷாவுக்கு அழுகை உடம்பைக் குலுக்கியது. ஜோஸ்வின் மூக்கைத் துடைத்தான். அப்பா காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

திரையில் மூன்று பேருக்கும் முகமே இல்லை, எல்லாம் இழுபட்டுக் கிடந்தது. புஷ்பம் மட்டும் இமைமுடி எண்ணும்படி இருந்தாள்.

"பாத்தியா, என்ன ஷார்ப்பு," என்றார் அப்பா.

அந்தக் கேமராவைப் பிடுங்கித் தரையில் அடிக்கலாம் போலிருந்தது ஜெரூஷாவுக்கு. அவர் அம்மாவின் முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். தாடையருகில் வந்ததும் விரல் நின்றது.

"இது என்ன தழும்பு? ஆஸ்பத்திரில எதாவது பட்டுச்சா?"

"குக்கர் மூடி தெறிச்சதுப்பா. எட்டு வருஷமாச்சு. நீங்க அன்னிக்கு வேடந்தாங்கல் போயிருந்தீங்க."

சற்று நேரத்தில் கேமராத் திரை தானாக அணைந்தது.

மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள்.

"சார், கொஞ்சம் நகருங்க."

சுந்தர்சிங் அசையவில்லை.