மூன்றாம் காட்சி இல்லாத நாடகம்

நாடகத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் புனிதவதிக்கு அந்த ஜெர்மன்காரர் மேல் கோபம் வந்தது. நாடகத்தை எழுதி எப்போதோ செத்துப்போன எமில் ஹார்ட்வாங், அதுவரை அவர்கள் வீட்டு ஆள் போலத்தான் இருந்தார். கணவர் வரதராசா பல வருடங்களாக அவர் எழுதியவற்றைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் பாதி இடம் அவருடைய புத்தகங்களுக்கு.

ஹிட்லரிடமிருந்து தப்பிப் பாரிசுக்கு ஓடிவந்து, மலிவான ஹோட்டல் அறையொன்றில் இருந்து ஹார்ட்வாங் எழுதிய நாடகம் அது. ஒரு தாயின் மகனை, அவள் சோறு போட்ட சொந்தப் போராளிகளே பிடித்துக்கொண்டு போகிறார்கள். மூன்றாம் காட்சியில் அவள் முகாம் வாசலில் நின்று மகனைக் கேட்கிறாள். இப்போது நேரம் சரியில்லை, எதிரிக்கு வாய்ப்பாகிவிடும் என்று ஹார்ட்வாங்கின் தோழர்கள் சொல்ல, அவர் அந்தக் காட்சியை வெட்டினார். அவர் இறந்த பிறகுதான் அது அச்சில் வந்தது. இன்றைக்கும் ஊரூராக அந்த நாடகத்தைப் போடுவது அந்தக் காட்சிக்காகத்தான்.

புனிதவதி நடிக்க ஒப்புக்கொண்டதும் அதற்காகத்தான். போர்க்காலத்தில் ஊரில் ரியூசன் வகுப்புக்குப் போன அவள் தம்பி தனோஜனை வழியில் வைத்து இயக்கம் ஏற்றிக்கொண்டு போனது. அம்மா முகாம் முகாமாக அலைந்தாள். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இந்தக் கதையைப் புனிதவதி ஒருவரிடமும் சொன்னதில்லை.

அங்கே ரூ பெர்தொனே தெருவில் ஒரு நகைக்கடை மாடியில் ஒத்திகை நடந்தது. மண்டபம் தர இருந்த, இயக்கத்துக்கு வேண்டப்பட்ட தமிழ்ச் சங்கத்திலிருந்து இருவர் வந்து, தேநீர் குடித்து, மரியாதையாகத்தான் பேசினார்கள். மூன்றாம் காட்சி வேண்டாமாம். சனத்தின் மனம் நோகுமாம். வீட்டுக்கு வந்ததும் வரதராசா அந்தப் பக்கங்களைக் கோடு போட்டு அடித்தார்.

“அந்தாளே ஒருக்கால் வெட்டினவர்தானே” என்றார்.

“வெட்டிப்போட்டு, சாகுமட்டும் தன்னை மன்னிக்கேல்லை எண்டும் நீங்கள்தானே முன்னுரையிலை எழுதினீங்கள்.”

அவர் அடுத்த பக்கத்தையும் அடித்தார். பெரிய மனிதர் ஒருவர் பயந்தது மற்றவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போய்விடுகிறது என்று அவளுக்கு எரிந்தது. ஆனாலும் நடிக்கமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மண்டபம் நிறைந்த கூட்டம். மூன்றாம் காட்சி வரவேண்டிய இடத்தில் விளக்கை அணைத்துப் பாட்டுப் போட்டார்கள். கைதட்டலுக்குக் குறைவில்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, புறநகர் சென் தெனியிலிருந்து வந்திருந்த றெஜினா என்ற மன்னார்ப் பெண் அவளை மறித்தாள். மகளின் பள்ளிப் பாடமாக இருந்ததால் நாடகத்தைப் பிரெஞ்சில் வாசித்தவளாம்.

“தாய் முகாமுக்குப் போற இடம் எங்கை, தங்கச்சி? அதைத் தமிழிலை கேக்கத்தான் வந்தனான். என்ரை மூத்தவளையும் அப்பிடித்தான் கொண்டு போனவங்கள்.”

புனிதவதி அவள் கையைப் பிடித்து மெற்றோப் பாலத்தின் கீழே கூட்டிப்போனாள். அங்கே நின்று மூன்றாம் காட்சியைச் சொல்லத் தொடங்கினாள். தலைக்கு மேலே ரயில் போனபோது நிறுத்தி, பிறகு தொடர்ந்தாள்.

“நீங்கள் ஒளிக்க இடம் தந்தது நான். இண்டைக்கு என்ரை பிள்ளையைத் தாங்கோ எண்டு உங்களிட்டையே வந்து நிக்கிறன்.”

அதற்குமேல் வந்தவை ஹார்ட்வாங் எழுதியவை அல்ல, அம்மா கேட்டவை. தனோஜன் பெயரும் வந்துவிட்டது. றெஜினா அழவில்லை. பிடித்த கையை விடாமல் நின்றாள். உடுப்புப் பையோடு சற்றுத் தள்ளி நின்ற வரதராசாவும் கேட்டார்.

அந்தக் காட்சி இல்லாமல் இனி நடிக்கமாட்டேன் என்று அன்றே அவரிடம் சொன்னாள். அவர் தானே சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்து அதைச் சொன்னார். அடுத்த ஞாயிறு மறுபடி போடவிருந்த நாடகத்துக்கு மண்டபம் கிடைக்கவில்லை. கடைத்தெருவில் சிலர் இவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள்.

றெஜினா மட்டும் இடைக்கிடை அழைப்பாள். தனோஜனைப் பற்றி, மூத்தவளைப் பற்றி ஏதும் தெரிய வந்ததா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் இன்னும் ஒன்றும் தெரியாது.