ஞாயிற்றுக்கிழமைக் கப்பல்

பெட்டியின் பக்கவாட்டில் முந்நூற்று நாற்பது துண்டுகள் என்று போட்டிருந்தது. அதனால்தான் அந்தப் பிளாஸ்டிக் மாடல் கப்பலை வாங்கினேன். ஜொகூர் பாருவில் மாடல் விற்கும் கடைக்காரருக்கு என்னை இருபது வருடமாகத் தெரியும். குழந்தைக்கு என்றால் நாற்பது துண்டு விமானம் போதுமே என்றார். நாற்பது துண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். எனக்கு இரண்டு ஞாயிறு போதாது.

குழந்தை என்றால் என் மகள் லோஷினி. ஏழு வயது. உலு திராமில் அம்மா யோகேஸ்வரியோடு இருக்கிறாள், அங்கேயே தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. நானும் யோகேஸ்வரியும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் தம்போயில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறேன். தினமும் விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை.

முன்பெல்லாம் மலேசியாவில் எங்கள் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். எனக்கோ ஞாயிறு மட்டும்தான். அப்பாவும் மகளும் சந்தித்துக்கொள்ள வாரத்தில் ஒரு முழு நாள் கிடையாது. போன வருடம் விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றினார்கள். ஆயிரம் காரணம் சொன்னார்கள். நான் எனக்காகத்தான் மாற்றினார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் நாள் கிடைத்தால் போதுமா? முதல் சில வாரம் ஷாப்பிங் மாலுக்குக் கூட்டிப் போனேன். ஐஸ்கிரீம், ஊஞ்சல், பொம்மைக் கடை. மதியம் ஒரு மணிக்கெல்லாம் "வீட்டுக்குப் போலாமா பா?" என்று கேட்பாள். வீடு என்றால் அவள் வீடு. யோகேஸ்வரியும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்: "அவளுக்குப் புடிச்சா வரட்டும். அழ வச்சி அனுப்ப மாட்டேன்." நியாயமான பேச்சு. எதிர்த்துப் பேச முடியாத நியாயத்தைப் போல எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இப்படித் துண்டு துண்டாக ஒட்டி மாடல் கட்டுவதுதான். அந்தக் கப்பல், துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துப் போகும் சின்னக் குண்டுக் கப்பல். லோஷினிக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. துண்டுகள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் எண் போட்டு ஒட்டியிருக்கும். அவள் எண்ணைத் தேடிச் சொல்வாள், நான் குறடால் வெட்டுவேன், அவள் உப்புத்தாளில் தேய்ப்பாள். முதல் ஞாயிறே ஆறு மணி வரை இருந்தாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் லா பா" என்றாள். அதைக் கேட்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

வாரநாட்களில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் மேஜை மேல் பாதிக் கப்பல் இருக்கும். அதன் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். வீட்டில் ஆள் இருப்பது மாதிரி இருக்கும்.

ஒன்பதாவது ஞாயிறு, மாலுமி நிற்கும் அறையின் கூரையை அவளே ஒட்டினாள். இந்தப் பசை பிளாஸ்டிக்கை லேசாக உருக்கித்தான் ஒட்டும். பசை பட்ட கட்டைவிரலால் கூரையை அழுத்தினாள். எடுத்துப் பார்த்தால் விரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. எனக்கு உள்ளே பகீரென்றது. அவளுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அலமாக்! என் வெரலு வந்துருச்சு பா! இத நான்தான் செஞ்சேன்னு இனிமே எல்லாருக்கும் தெரியும்."

"ஆமாம்மா" என்றேன்.

மாடல் கட்டுகிறவனின் கண் ஒரு மாதிரி. ஒட்டுத் தெரியக்கூடாது, தூரிகைக் கோடு தெரியக்கூடாது, மொத்தத்தில் ஒரு மனுஷன் கை பட்டதே தெரியக்கூடாது. அதுதான் எங்களுக்குப் பெருமை. விரல் ரேகை பதிந்த கூரையோடு ஒரு கப்பல் வீட்டில் நிற்பதை நான் ஐந்து நாள் பொறுத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளி புனித வெள்ளி. சிங்கப்பூரில் விடுமுறை, ஜொகூரில் பள்ளி உண்டு. காலை பத்து மணிக்கு மேஜையில் உட்கார்ந்தேன். உப்புத்தாளை நனைத்துக் கூரையைத் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. சரி, உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தோம் என்று, அடிப்பகுதியில் அவள் பூசிய சிவப்புச் சாயம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்ததையும் டேப் ஒட்டி நேராக்கினேன். கோணலாக நின்ற கைப்பிடிக் கம்பியைப் பிடுங்கி மறுபடி ஒட்டினேன். அவள் வந்து பார்த்து வாயைப் பிளப்பாள் என்று நினைத்துக்கொண்டே செய்தேன். பாட்டுக்கூடப் பாடினேன். உண்மையைச் சொன்னால், அந்த வருடத்திலேயே நான் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான்.

ஞாயிறு காலை லோஷினி வந்ததும் கப்பலைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலைக் கூரை மேல் வைத்தாள். இங்கும் அங்கும் நகர்த்தித் தேடினாள்.

"என் வெரலு எங்க பா?"

"அப்பா சரி பண்ணிட்டேன்டா. பாரு, எப்படி வழவழன்னு இருக்கு."

கப்பலைத் திருப்பினாள். "இந்தச் செவப்பும் நீங்களா?"

"ஆமா."

"கம்பி?"

"அதுவும்தான்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நல்லா இருக்கு பா" என்று மேஜையில் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரரின் கப்பலைப் பார்த்துச் சொல்வது மாதிரி மரியாதையாகச் சொன்னாள்.

பதறிப்போய்ப் பசையை எடுத்தேன். "இப்ப மறுபடி வச்சிக்கலாம்மா. இந்தா, வெரலக் கொண்டா" என்றேன். சொன்னபடி கேட்டாள். விரலில் பசை தொட்டு அழுத்தினாள். முன்பைவிடத் தெளிவாகவே பதிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"இது நீங்க வைக்கச் சொன்னது" என்றாள்.

அதற்குப் பிறகு எண்ணைத் தேடிச் சொன்னாள், தேய்த்தாள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் "சரியா பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு மணி வாக்கில் துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.

"கப்பல நான் எடுத்துட்டுப் போறேன்."

"ஏன்டா? இங்கதான மேஜ இருக்கு, லைட்டு இருக்கு."

"இங்க வச்சா நீங்க சரி பண்ணிடுவீங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபம் இருந்தால் சமாதானம் செய்யலாம். முடியாது, அப்பா வாங்கியது என்று சொல்லியிருக்கலாம். மீதிச் சட்டங்களை எண் வரிசையில் அடுக்கிக் கொடுத்தேன். கப்பல் ஆடாமல் இருக்கச் சுற்றிலும் என் பழைய பனியனைத் திணித்தேன். உலு திராம் போகிற வழியெல்லாம் காரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் பேசினதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

யோகேஸ்வரி கேட்டைத் திறந்தாள். "என்ன, மணி மூணுகூட ஆகல?"

"கப்பல இங்கேயே செய்யணுமாம்" என்றேன். "பசை போடும்போது நீ கூட இரு. ஜன்னலத் தொறந்து வச்சிரு, வாடைக்குத் தலை வலிக்கும்."

அவள் என்னையும் பெட்டியையும் பார்த்தாள். அதற்குள் லோஷினி வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்துவிட்டாள்.

"லோஷி, அடுத்த ஞாயிறு அப்பா எத்தன மணிக்கு வரணும்?" என்று யோகேஸ்வரி கேட்டாள்.

குழந்தை தலையைத் தூக்கவில்லை. "வேல இருக்கும்மா. இத முடிக்கணும். அப்பறம் பாக்கலாம்."

அது நான் பேசுகிற பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து பிரிகிற நாள்வரை, சாப்பிடக் கூப்பிட்டாலும், கோயிலுக்குக் கூப்பிட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டாலும், மாடல் மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல் நான் யோகேஸ்வரிக்குச் சொன்னது. சொல்லுக்குச் சொல் அதுதான். ஏழு வயதுக் குழந்தை எப்போது கேட்டு வைத்துக்கொண்டதோ தெரியவில்லை.

யோகேஸ்வரிக்கும் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இப்போது திட்டப் போகிறாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். தாகமாகத்தான் இருந்தது.