நாலு மணி ஷாட்

குணசேகரனுக்கு வயது நாற்பத்தொன்று, உயரம் மூன்றடி எட்டங்குலம். தெலுங்குச் சீமையில், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவரின் மகன். இருபத்திரண்டு வருடமாக சினிமாவிலும் சீரியலிலும் குழந்தைகளுக்கு டூப் போடுகிறான். மாடியிலிருந்து விழுகிற பையன், கிணற்றில் குதிக்கிற பையன் எல்லாம் இவன்தான், ஆனால் பின்பக்கம் மட்டும். முகம் ஒரு நொடி தெரிந்தாலும் ஷாட் போச்சு. பழக்கதோஷம், கல்யாண வீட்டில் ஃபோட்டோக்காரரைக் கண்டால்கூட உடம்பு தானாகத் திரும்பிக்கொள்ளும். பஸ்ஸில் அரை டிக்கெட்டைக் கிழித்துவிட்டு, முகத்தைப் பார்த்ததும் கெக்கெக்கே என்று சிரிக்கிற கண்டக்டர்களுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த முகம் ஒரு தடவையாவது திரையில் வர வேண்டும் என்பதுதான் அவனுடைய ஏக்கம்.

அந்த வருடம், 2006-இல், அது கூடிவந்தது. பேகம்பேட்டில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு சீரியல் எடுக்க வந்த சுதர்சன், பேய்க்கதை ஒன்றுக்கு இவனைக் கூப்பிட்டான். செத்துப்போன சிறுவனின் ஆவி தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுப் படியிறங்கி மரத்தடி வரை நடக்கும். ஒன்பது நாள் முதுகு. பத்தாம் நாள் ஆவி திரும்பும். க்ளோசப்.

"கமலம், இந்தத் தடவை மூஞ்சி தெரியும்டி" என்று மனைவியிடம் சொன்னான்.

"ஹவ்வா? சத்தியமா?" என்றாள். பொழுது சாய்வதற்குள் காலனி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

படப்பிடிப்புக்கு மாரெட்பள்ளியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் சக்ரபாணி, நாகர்கோவிலிலிருந்து வந்து ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். அவரும் மனைவி பகவதியும் பக்கத்து அறையில் ஒதுங்கியிருந்தார்கள். முதல் நாள் குணசேகரன் சீருடையும் புத்தகப் பையுமாகச் சப்போட்டா மரத்தை நோக்கி நடந்தபோது, பின்னால் ஜன்னலிலிருந்து பகவதியின் குரல் வந்தது.

"வெயில்ல நிக்காத, மக்களே."

நாகர்கோவில்காரர்கள் பெற்ற பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் படியில் ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் இருந்தது. மூன்றாம் நாள் சக்ரபாணி அவனைத் தனியாக அழைத்துப் போனார்.

"எங்க பையன் எழுவத்தாறுல காய்ச்சல்ல போயிட்டான். எட்டு வயசு. அவளுக்குத் தெரியாம இல்ல. ஆனா உங்க முதுகப் பார்த்ததுலேருந்து ரெண்டு வேளை சாப்பிடுகா. அவ பக்கம் மட்டும் திரும்பிராதீங்க, தம்பி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது போகட்டும், அவனுக்க வலது காலு லேசா இழுக்கும். உங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. மானிட்டரில் போட்டுப் பார்த்தான். வலது கால் இழுத்தது. பள்ளிக்கூட வாசல்களில் நின்று, வாட்ச்மேன்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் நடையைப் படித்தவன் அவன். எந்த நடையை எங்கே எடுத்தோம் என்று அவனுக்குத் தெரியும். இதை எங்கும் எடுக்கவில்லை. மறுநாள் நேராக நடக்கப் பார்த்தான், கால் கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் ஒழுங்காக இருந்த கால், அந்த வீட்டு கேட்டைத் தாண்டியதும் இழுத்தது. குணசேகரன் நிஜமாகவே பயந்துபோனான். ஆனால் பத்தாம் நாளை நினைத்து வாயை மூடிக்கொண்டான்.

அந்த நாளும் வந்தது. இரண்டு தடவை ஷேவ் செய்துகொண்டு மேக்கப்புக்கு உட்கார்ந்தான். சுதர்சன் வேண்டாமென்று கையாட்டினான்.

"மேக்கப் எதுக்குண்ணே? பின்னாடி பாத்தா சின்னப் பையன், திரும்பினா இந்த மூஞ்சி. ஜனங்க அலறணும். உங்க மூஞ்சியே போதும்."

கமலம் பார்ப்பாள், காலனியே பார்க்கும். எழுந்து போய்விடலாம்தான். போனால் இந்த முகத்தை இனி யார் கேட்கப் போகிறார்கள்?

சக்ரபாணி ஓடிவந்தார். "திரும்பாதீங்க, தம்பி. அவ தாங்கமாட்டா."

"நக்கோ சார், அப்படிச் சொல்லாதீங்க. இருவத்திரெண்டு வருசமா என்னை யாரும் பாத்ததில்ல. பயந்துக்குனாவது பாக்கட்டும்." சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மாவ உள்ள வச்சுக் கதவ சாத்திக்குங்க."

அவர் பகவதியை உள்ளே அழைத்துப்போய்த் தாழ் போட்டுக்கொண்டார். ஜன்னலும் மூடியது.

நாலு மணி. குணசேகரன் காலை இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் நின்றான். சுதர்சன் "டர்ன்" என்றான். உடம்பு மறுத்தது. கழுத்தை நெட்டித் தள்ளுவதுபோலத் தள்ளித்தான் அவன் திரும்ப வேண்டியிருந்தது.

உடை கவனிக்கும் சபீனா, பத்து நாளாக அவனோடு சேர்ந்து டீ குடித்தவள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பக்கத்தில் பகவதி நின்றிருந்தாள். அறைக் கதவு போட்ட தாழோடு அப்படியே இருந்தது. உள்ளேயிருந்து சக்ரபாணி, "பகவதி, பகவதி" என்று பதறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பகவதி பயப்படவில்லை. அவன் நெற்றியை, கன்னத்து நரையை, கண்ணோரச் சுருக்கத்தை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"எம்புட்டு வளந்துட்ட, மக்களே!"

இந்த வார்த்தையை அவனிடம் ஒருத்தரும் சொன்னதில்லை. பெற்றவள்கூடச் சொன்னதில்லை. கண் நிறைந்து வழிந்தது. சுதர்சன் "கட், கட்" என்று கத்துவது கேட்டும் அவன் நிற்கவில்லை. காலை இழுத்து இழுத்து அவளிடம் போனான்.

"ஆமாம்மா" என்றான்.

அது அவன் குரல் இல்லை. சின்னப் பையனின் குரல். சாத்திய கதவுக்குப் பின்னால் கூப்பிட்டுக்கொண்டிருந்த சக்ரபாணி, முப்பது வருடமாகக் கேட்காத அந்தக் குரலைக் கேட்டு, பாதிப் பெயரோடு நின்றுபோனார்.