குறைதீர் அலுவலர் அருள்சாமி

கடத்தூரில் சந்தைக்குப் பின்னால் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் அருள்சாமிக்கு, அவரை ஒரு வார்த்தை கேட்காமலேயே ஒரு கம்பெனி வேலை போட்டுக் கொடுத்தது. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா செய்யவும் வழி கிடையாது. வேலையின் பெயர் குறைதீர் அலுவலர்.

கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதுவே அவனுக்கு விளம்பரமாகிவிடும். நாம் போனில் ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நுழைந்து, ஒரு மிக்ஸி வாங்கினால் இன்னொரு மிக்ஸி இலவசம், இன்றைக்கு மட்டும்தான் என்று வருஷம் பூராவும் கத்துகிறவன் அவன். இணையத்தில் பொருள் விற்கிறவன், குறை கேட்க ஓர் ஆளையும் ஒரு நம்பரையும் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு நம்பரைப் போட்டான். அது அருள்சாமியின் நம்பர். எங்கிருந்து பொறுக்கினான், கண்ணை மூடிக்கொண்டு தட்டினானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. சட்டத்துக்கு வேண்டியது பத்து இலக்கம். அது இருந்தது.

முதல் அழைப்பு மதுரைப் பக்கத்து அம்மா ஒருவரிடமிருந்து வந்தது. மிக்ஸியில் தேங்காய் போட்டதும் புகை வந்ததாம். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கியதாம். அழாத குறை. அருள்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“ஆவட்டுங்கம்மா, பாக்கறேன்” என்றார்.

அங்கேதான் தப்பு நடந்தது. வாடகைப் பாத்திரக் கடைக்குப் போன் செய்கிறவர் வீட்டில் ஒரு நல்லது நடக்கப்போகிறது, இல்லை ஒரு கெட்டது நடந்திருக்கிறது. இரண்டு பேரிடமும் முடியாது என்று சொல்லக் கூடாது என்பது அவர் தொழிலில் கற்ற முதல் பாடம். அண்டா கையிருப்பில் இல்லாவிட்டாலும் ‘ஆவட்டுங்க, பாக்கறேன்’தான். எங்கள் பக்கத்தில் அதற்குச் செய்கிறேன் என்றும் அர்த்தமில்லை, செய்யமாட்டேன் என்றும் அர்த்தமில்லை. ஒரு மரியாதை, அவ்வளவுதான். பெயரைக் கேட்டார்கள், அதையும் மரியாதையாகச் சொன்னார். அடுத்துப் பேசிய நாலைந்து பேருக்கும் இதே மரியாதை நடந்தது.

மதுரை அம்மாள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். ஆள் வரவில்லை, வேறு மிக்ஸியும் வரவில்லை. நம்பர் யாருடையது என்று காட்டும் ஆப் ஒன்று இப்போது எல்லார் போனிலும் இருக்கிறதல்லவா, அதில் போய் அந்த அம்மாளும் மற்றவர்களும் ஆத்திரம் தீர எழுதினார்கள். அன்றிலிருந்து அருள்சாமி யாருக்குப் போன் செய்தாலும் எதிராளியின் திரையில் சிவப்பில் எழுத்து வந்தது: மிக்ஸி ஃப்ராடு அருள்சாமி. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

“நம்பரை மாத்தித் தொலைங்க” என்றாள் மனைவி சுபா.

மாற்றலாம். ஆனால் கடையில் உள்ள பிளாஸ்டிக் நாற்காலி அத்தனையின் முதுகிலும் அந்த நம்பர் பெயிண்டில் எழுதியிருக்கிறது. எழுதாவிட்டால் விசேஷத்துக்குப் போன நாற்காலி திரும்பி வராது. எழுதியும் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒன்று தங்கிவிட்டது என்பது வேறு விஷயம்.

சரி, தெரியாத நம்பரை எடுக்காமல் விடலாமே என்றால் அதுவும் முடியாது. அருள்சாமியிடம் ஃப்ரீசர் பாக்ஸ் ஒன்று இருக்கிறது. சாவு வீட்டிலிருந்து வரும் அழைப்பு எப்போதும் தெரியாத நம்பராகத்தான் இருக்கும். அருள்சாமியைத் தெரிந்தவர் செத்துப்போயிருப்பார். போன் செய்கிறவர் யாரோ ஒரு மருமகளோ பேரனோ. அந்த அழைப்பை மட்டும் தவறவிட்டதே இல்லை என்பதுதான் அந்த மனிதருக்கு இருந்த ஒரே கர்வம்.

அந்தப் பெட்டியை வாங்கிய புதிதில் ஒருவரும் கடைப்பக்கம் வரவில்லை. சாவுப் பெட்டி வைத்திருக்கிற கடையிலா கல்யாணத்துக்கு அண்டா எடுப்பது என்று முகத்தைச் சுளித்தார்கள். ரேகடஹள்ளி மாயவன்தான் முதலில் எடுத்தார். அவருடைய அம்மா இறந்தபோது, தம்பி பட்டாளத்திலிருந்து வந்து சேரும்வரை உடம்பை வைக்கப் பெட்டி கேட்டு வந்தார். அடுத்த மாசமே மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம், பந்தல் எல்லாவற்றையும் அதே கடையில் எடுத்தார். “அண்டாவுக்கு என்ன தெரியும், அது எந்த வூட்டுச் சோறுன்னு” என்று பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. அருள்சாமி இன்று சாப்பிடுகிற சோற்றில் பாதி மாயவன் வாய் வார்த்தையில் வந்தது.

கம்பெனிக்கு மெயில் அனுப்பினார்கள். சுபாதான் உட்கார்ந்து தட்டினாள். உடனே பதில் வந்துவிட்டது, அவ்வளவு சுறுசுறுப்பு. உங்கள் புகாருக்கு வருந்துகிறோம், தயவுசெய்து எங்கள் குறைதீர் அலுவலரைத் தொடர்புகொள்ளவும் என்று எழுதி, கீழே அருள்சாமியின் நம்பரையே கொடுத்திருந்தார்கள். சுபாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“கூப்பிட்டுக் கேளுங்க. அந்த ஆபீசரு நல்ல மனுசனாம், பாக்கறேன்னு சொல்லுவாராம்.”

அருள்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பஸ் ஏறித் தருமபுரிக்குப் போய், இணைய மோசடிப் புகார் வாங்கும் அலுவலகத்தில் காத்திருந்து, ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நம்பரைக் கேட்டுத் தன் போனில் தட்டிப் பார்த்தார். பிறகு அருள்சாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஃப்ராடுன்னு வருதுங்களே.”

“அதுக்குத்தாங்க வந்திருக்கேன்.”

“உங்களுக்குப் பணம் எவ்வளவு போச்சு?”

“பணம் போவலீங்க. பேருதான் போச்சு.”

“பணம் போனாத்தாங்க இதுல ஏத்த முடியும். தொகைன்னு ஒரு கட்டம் இருக்கு, அதைக் காலியா விட்டா அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது.” நல்ல மனிதர்தான். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டவும் செய்தார். கட்டம் சிவப்பாக நின்றது.

ஆப்காரனுக்கும் எழுதினார்கள். பெயரை மக்கள்தான் வைத்தார்கள், மக்கள்தான் மாற்ற வேண்டும் என்று பதில் வந்தது. தேர்தலில் நின்றவர்போல அருள்சாமி கடத்தூர் கடைவீதியில் தெரிந்தவர் ஒவ்வொருவரையும் பிடித்து, இவர் ஃப்ராடு இல்லை என்று ஓட்டுப் போடச் சொன்னார். போட்டார்கள். மதுரையிலும் நெல்லையிலும் மிக்ஸி புகைந்தவர்கள் அதைவிட அதிகமாகப் போட்டார்கள்.

இப்படியே சித்திரை பிறந்தது. வெயிலோடு அவருடைய பொறுமையும் வற்றியது. ஆவட்டுங்கம்மா என்ற வாய், யாருய்யா நீ என்று கேட்கப் பழகிக்கொண்டது.

அன்றைக்குப் பொம்மிடியில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மிக்ஸிக்காரர்கள் விடவில்லை. ஒருவர் அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருந்தார். ஏணியில் நின்று கயிறு கட்டும்போது மறுபடி போன். தெரியாத நம்பர். ஒரு பெண்ணின் குரல்.

“ஐயா, எங்கூட்டுல...”

“உங்கூட்டுல எது எரிஞ்சா எனக்கென்னம்மா? நான் கஸ்டமர் கேரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உன்னை யாரு அதை வாங்கச் சொன்னா? வை போனை.”

அவரே வைத்துவிட்டார். மனசுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. இரண்டு முடிச்சுப் போட்ட பிறகுதான் ஏதோ உறுத்தியது. மிக்ஸிக்காரர்கள் எடுத்த எடுப்பில் ஆர்டர் நம்பரைச் சொல்வார்கள். இந்தப் பெண் சொல்லவில்லை. ஐயா என்றல்லவா ஆரம்பித்தாள். குரல் திட்டுகிற குரலாகவும் இல்லை.

ஏணியிலிருந்து இறங்கித் திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்தது, துண்டித்தார்கள். மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் துண்டித்தார்கள். மூன்றாவது தடவை மணியே அடிக்கவில்லை. அங்கே திரையில் என்ன பெயர் வந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. விழா வீட்டு அம்மாவின் போனை வாங்கி அதிலிருந்து போட்டார். ஓர் ஆண் எடுத்தார்.

“ரேகடஹள்ளி மாயவன் வூடுங்க. பெரியவரு மத்தியானம் தவறிட்டாரு. நீங்க யாருங்க?”

அருள்சாமியால் பெயரைச் சொல்ல முடியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பந்தலைப் பாதியில் விட்டு, டாடா ஏஸைக் கிளப்பினார். கடத்தூருக்கு வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு ரேகடஹள்ளி போய்ச் சேர்வதற்குள் மாதாவை எத்தனை தடவை கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

வாசலில் பந்தல் நின்றது. அரூர் வாடகைக் கடைக்காரன் பந்தல். அரூர்க்காரன் நாற்காலிகள். உள்ளே அரூர்க்காரன் பெட்டியில் மாயவன் படுத்திருந்தார். முகத்தில் ஈ உட்காராமல் விசிறிய துண்டு இன்னும் தலைமாட்டில் கிடந்தது. பெட்டி வரும்வரை, அந்த வெயிலில், இரண்டு ஃபேனை வைத்துச் சமாளித்தார்களாம்.

முற்றத்து ஓரத்தில் தனியாக ஒரு பழைய நாற்காலி கிடந்தது. எந்த விசேஷத்திலோ தங்கிப்போன அருள்சாமியின் நாற்காலி. மருமகள் வெண்மதி அதன் முதுகைப் பார்த்துத்தான் நம்பரைப் போட்டிருக்கிறாள். சாகிறதுக்கு முந்தின வாரம்கூட, எனக்கு ஒண்ணுன்னா அருள்சாமியக் கூப்பிடுங்க என்று பெரியவர் சொல்லியிருந்தாராம்.

மகன் பூவரசன் ஓசூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். தன் மனைவியின் போனை வாங்கி அருள்சாமியிடம் நீட்டினான். திரையில் சிவப்பு எழுத்து.

“அண்ணா, இது நீங்கதானா?”

“நாந்தான்ப்பா.”

“அவளை வைதுட்டீங்கன்னு அழுதா. அப்புறம் இந்தப் பேரு வந்துச்சு, எவனோன்னு கட் பண்ணிட்டா.”

நடந்ததையெல்லாம் சொல்ல அருள்சாமி வாயெடுத்தார். மிக்ஸி, மெயில், தருமபுரி, கட்டம். பிணம் கிடக்கிற வீட்டில் அதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பெட்டியின் கண்ணாடிமேல் கைவைத்து நின்றார். அழுகை வந்தது, அழுதார்.

பூவரசன் நல்ல பையன். தோளைத் தொட்டுச் சொன்னான்: “காரியத்துக்குப் பாத்திரமெல்லாம் உங்க கடையிலதாங்கண்ணா. போன்ல உங்களைப் புடிக்க முடியாது, நானே நேர்ல வந்து சொல்லிடறேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மறுநாளே புது சிம்மும் புது போனும் வாங்கினார். சந்தைப்பக்கக் காலியிடத்தில் நாற்காலிகளை வரிசையாகக் கவிழ்த்துப் போட்டு, பழைய நம்பரை அடித்துவிட்டு, புது நம்பரை எழுத உட்கார்ந்தார். எழுதி முடியும்வரை பழைய போன் சுபாவின் பொறுப்பு. மிக்ஸிக்காரர்களுக்கு அவள்தான் சரியான ஆள்.

மூன்றாவது வரிசை எழுதும்போது புது போன் அடித்தது. தெரியாத நம்பர். ஓர் இளைஞன், நல்ல அதட்டலாக.

“ரஞ்சித்குமார், எத்தனை தடவை கூப்பிடறது? மூணு மாச டியூ நிக்குது. ஆப்ல லோன் வாங்கும்போது இனிச்சுதா?”

தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. சிம் கம்பெனிக்காரன் புதியது என்று கொடுத்த நம்பர், எவனோ ரஞ்சித்குமார் கடன் வாங்கிவிட்டுத் தூக்கியெறிந்த நம்பர். சுபா பழைய போனைக் காதில் வைத்தபடியே இவரைப் பார்த்தாள். அருள்சாமி வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

“ஒரு நிமிசமுங்க. உங்க வூட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா?”

எதிர்முனை தடுமாறியது. “இருக்காங்க. ஏன் சார்?”

“யாருக்கும் ஒண்ணும் ஆவலையே?”

“இல்ல சார்.”

“அப்பச் சரிங்க” என்று பிரஷ்ஷைக் கீழே வைத்தார் அருள்சாமி. “இப்ப நான் வையறேன், கேளுங்க.”