கடலில் தீட்டு இல்லை

கண்ணுசாமிக்குக் கடலைப் பற்றித் தெரிந்தது மொத்தம் இரண்டு விஷயங்கள். அது உப்பாக இருக்கும். அங்கே தீட்டு கிடையாது. முதலாவதை ராமேசுவரத்தில் ஒரு வாய் குடித்துத் துப்பித் தெரிந்துகொண்டார். இரண்டாவதை அவருடைய ஊரான அகரத்துச் சோசியர் சொன்னார்.

அவருடைய மருமகன் பழனிக்குமாருக்கு இந்த இரண்டாவது விஷயம் தாமதமாகத்தான் எட்டியது. எல்லோருமாகக் கப்பலில் போய் வரலாம் என்று மாமனார் சொன்னபோது, செத்துப்போன மகளின் பிள்ளைக்காகச் சொல்கிறார் என்றே நினைத்தான்.

"முகிலாவுக்கு ஒரு மாறுதலா இருக்கும் மாப்ள. சென்னையில ஏத்திக்கிட்டு ரெண்டு நாள் கடல்லயே சுத்திக் காட்டி, மறுபடி சென்னையிலயே எறக்கி விட்டுருவான். நடுவுல ஒரு ஊருக்கும் போகாது."

ஒரு ஊருக்கும் போகாத கப்பலில் எதற்கு ஏற வேண்டும் என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை. மனைவி தமிழ்மதி போன இந்தப் பத்து மாதத்தில் கேள்வி கேட்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் அவன் ஷிப்ட் சூப்பர்வைசர். மெஷின் இரைச்சலில் எட்டு மணி நேரம் யாரோடும் பேச வேண்டியதில்லை. ஆறு வருடமாகச் சலித்துக்கொண்டே பார்த்த வேலை இப்போதுதான் பிடித்திருந்தது. தலையை ஆட்டிவைத்தான். மறுப்பதைவிட அது சுலபம்.

விஷயம் பிளெக்ஸில் வெளியானது.

அந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும் தெருமுனையில் பிளெக்ஸ் ஏறும். காதுகுத்து, புது டிராக்டர், மச்சினன் முகேஷ்குமார் ஏழாவது முயற்சியில் அரியரைத் தாண்டியது. தமிழ்மதிக்குக் கண்ணீர் அஞ்சலி கட்டிய அதே இரண்டு கம்பங்களில் இப்போது பன்னிரண்டு அடிக்கு ஒரு கப்பல் நின்றது. "எங்கள் குடும்பத்தின் முதல் கடல் பயணம்." கப்பலுக்கு மேலே ஆகாயத்தில் ஜோடி ஜோடியாகத் தலைகள். ஒரு மூலையில் கண்ணுசாமியும் புவனேஸ்வரியும். நடுவில் பழனிக்குமார். அவன் பக்கத்தில் தமிழ்மதியின் தங்கை தமிழ்நிலா. இருவருக்கும் இடையில் அவனுடைய நாலு வயது மகள் முகிலா.

பழனிக்குமார் பைக்கை நிறுத்திவிட்டுத் தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அது அவனுடைய கல்யாணப் போட்டோ. கழுத்தில் மாலையின் ஓரம்கூடத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவளை வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டவும் சரியாகத் தெரியவில்லை. அவன் தோளில் தமிழ்மதியின் விரல் இரண்டு மிச்சம் இருந்தது.

நேராக மாமியாரிடம் போனான். புவனேஸ்வரி சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை இது?"

"எது மாப்ள? ஓ, பிளெக்ஸா? நல்லா வந்துருக்குல்ல? முகேஷு சொல்லிப் போட்டது." சுளகைக் கீழே வைத்தாள். அவன் முகம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. "உங்க மாமா இன்னும் சொல்லலையா? நிலாவத்தான் உங்களுக்குன்னு முடிவு பண்ணியாச்சு. கப்பல்ல வச்சுத் தட்டு மாத்திக்கலாம்னு."

"கப்பல்லயா?"

"வருசத் திதி ஆடியிலதான வருது? அதுவரைக்கும் நல்ல காரியம் ஆகாதுல்ல. வைகாசி தாண்டுனா நிலாவுக்கு ஒரு வருசத்துக்குக் குருபலன் இல்லையாம். என்ன பண்றதுன்னு சோசியரக் கேட்டோம். தீட்டெல்லாம் மண்ணுக்குத்தான், தண்ணிக்கு இல்லைனுட்டாரு."

பழனிக்குமார் பேசாமல் நின்றான். அதை அவள் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டாள்.

"கொடைக்கானல் ஏரியில போட்டுல வச்சு மாத்தலாமான்னுகூடக் கேட்டோம் மாப்ள. ஏரிக்கு அடியில மண்ணு இருக்கு, ஆகாதுன்னாரு."

"கடலுக்கு அடியில என்ன இருக்காம்?"

"அது ஆழமாம்ல," என்றாள் புவனேஸ்வரி.

பொறியியல் படித்தவன் இந்தப் பதிலுக்கு முன்னால் என்ன செய்ய முடியும்? சொந்த மகளின் சாவுக்கு ஒரு வருடம் காத்திருக்கப் பொறுமையில்லை. ஆனால் சாத்திரத்தை மீறவும் தைரியமில்லை. ஆகவே ஒரு கப்பலைப் பிடித்துவிட்டார்கள். இவர்களோடு வாதாடுவதே கேவலம் என்று அவனுக்குப் பட்டது. திரும்பி வந்துவிட்டான். வந்தபிறகுதான், வேண்டாம் என்ற ஒரு சொல்லைச் சொல்லாமலே வந்திருப்பது உறைத்தது.

பிறகு சொல்லலாம் என்று இருந்தான். நாள்கள் போயின. ஊர் வழக்கப்படி தட்டு மாற்றிவிட்டால் மாற்றியதுதான். அதற்குப் பிறகு இல்லை என்றால் அந்தப் பெண்ணை ஊர் வாய் மென்று துப்பிவிடும். கப்பலில் கால் வைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டுத் தரப்புக்கு ஆள் வேண்டுமல்லவா? பழனிக்குமாருக்குத் தாய் தகப்பன் இல்லை. கண்ணுசாமி அதற்கும் வழி வைத்திருந்தார். பெரியப்பா சின்னக்கண்ணுவுக்கும் ஒரு டிக்கெட். தமிழ்மதி ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் மூட்டுவலி என்று எட்டிப் பார்க்காத பெரியப்பா, விடியற்காலையில் வேன் வருவதற்கு முன்பே புது ஷூவோடு தயாராக நின்றார்.

"அப்பு, கப்பல்ல கோழி எத்தனை வேளை போடுவான்?" என்று வேனில் ஏறியதும் முதல் வேலையாகக் கேட்டார்.

வேனின் பின்சீட்டில் மனிதர்களுக்கு இடமில்லை. கண்ணுசாமி தேங்காய் மண்டி வைத்திருப்பவர். நிச்சயத்துக்கு இருபத்தொரு தேங்காய் சொந்தத் தோப்பிலிருந்து, அதுவும் அவரே தட்டிப் பார்த்துப் பொறுக்கியது. இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு கவுளி வெற்றிலை, மஞ்சள், கற்பூரம், பித்தளைத் தாம்பாளங்கள். இதுபோக ஒரு தூக்குவாளி புளியோதரை. கப்பல்காரன் போடும் சாப்பாட்டை அவர் நம்பவில்லை.

தமிழ்நிலா முன்சீட்டில் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தாள். புதுச் சுடிதார். விழுப்புரம் வரும்வரை போனை விட்டுத் தலை நிமிரவில்லை. முகிலா அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்காள் புடவையின் மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை, அதற்குள் இவளுக்கு எப்படி மனசு வந்தது என்று பழனிக்குமார் நினைத்தான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவும் அவனுக்கு இஷ்டமில்லை.

துறைமுகத்தில் பெட்டிகளைச் சோதிக்கும் கூடத்தில் நீண்ட வரிசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கப்பல், அடுக்கு அடுக்காக, ஒரு லாட்ஜைப் படுக்கப்போட்டது போல. கண்ணுசாமி வேட்டியை இறக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர்களுடைய சாக்கு எக்ஸ்ரே மெஷினுக்குள் போனதும் பெல்ட் நின்றது. திரையில் இருபத்தொரு உருண்டைகள். காவலர் ஒருவர் இரண்டடி பின்னால் போனார். கப்பல் கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். சட்டையில் அஃப்சானா என்று எழுதியிருந்தது.

"என்ன சார் இது?"

"தேங்காய்ம்மா. நம்ம தோப்புக் காய்."

"வெளிச் சாப்பாடு, தேங்காய், கற்பூரம் எதையும் ஏத்தக் கூடாது சார். எடுத்து வெளிய வச்சிருங்க."

"தேங்காய் இல்லாம எப்படித் தாயி நிச்சயம் பண்றது?"

"நிச்சயதார்த்தமா? கப்பல்லயா?" அஃப்சானா அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "விசேஷம்னா முன்னாடியே சொல்லியிருக்கணுமே சார். சரி, பரவால்ல. பழம், பூ எல்லாம் உள்ளயே ஏற்பாடு பண்ணித் தருவாங்க. ஒரு பாரம் இருக்கு. பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டு பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டாப் போதும்." தாளை எடுத்து மேசையில் வைத்தாள். "மாப்பிள்ளை யாரு?"

எல்லாக் கைகளும் பழனிக்குமாரைக் காட்டின. பெரியப்பா அவன் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்.

"நீங்களா சார்?"

"இல்லை," என்றான் பழனிக்குமார்.

கண்ணுசாமி பெரிதாகச் சிரித்தார். "கூச்சப்படுறாப்ல. போடுங்க மாப்ள, பின்னாடி ஆளுக நிக்குது."

"இல்லை மாமா. எனக்கு இதுல சம்மதம் இல்லை. மதி செத்து பத்து மாசம்தான் ஆகுது. நான் யாரையும் கட்டிக்கிறதா இல்ல."

சத்தம் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஏலே, ஏறுற நேரத்துல ஏன்டா..." என்றார் பெரியப்பா. அவர் கவலை அவருக்கு.

"பேனாவ என்கிட்டக் குடுங்க மேடம்," என்று ஒரு குரல் கேட்டது. தமிழ்நிலா இயர்போனைக் கழற்றியிருந்தாள். பாரத்தை இழுத்து, மணமகள் என்ற இடத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டாள். "எனக்கும் சம்மதம் இல்ல."

"ஏட்டி!" புவனேஸ்வரி வாயில் கையை வைத்தாள்.

"பிளெக்ஸப் பாத்துத்தாம்மா எனக்கே தெரியும். என் காலேஜ் ஐடி கார்டு போட்டோவ எடுத்து ஒட்டிருக்கான் முகேஷு. வீட்டுல கத்தினேன், யாரு காதுல விழுந்துச்சு?" அவள் பழனிக்குமார் பக்கம் திரும்பினாள். "நீங்களாச்சும் கேப்பீங்கன்னு இருந்தேன் மச்சான். ஒரு போன். நிலா, இது ஒனக்குத் தெரியுமான்னு ஒரு வார்த்தை. நீங்க என்னடான்னா எங்க எல்லாத்தையும் புழுவப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே வாரீங்க. அவ எனக்கும் அக்காதான்."

பழனிக்குமார் திண்டுக்கல்லிலிருந்து சென்னை வரை, எட்டு மணி நேரம், அவளுடைய பின்னந்தலையை வெறுத்துக்கொண்டு வந்திருந்தான்.

கண்ணுசாமியின் முகம் கறுத்தது. முகிலாவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப நீங்க வர வேணாம் மாப்ள. பிள்ளைய நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"அப்பா வராம பாப்பாவ ஏத்த முடியாது சார்," என்றாள் அஃப்சானா. "பாப்பா டிக்கெட் அவங்க பேரோட சேந்தது."

கண்ணுசாமி அவளைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது.

"நாளைக்கு நீங்க வேற எடத்துல கட்டிட்டுப் போயிட்டா இவள யாரு எங்களுக்குக் காட்டுவா? ஒருத்தியத் தூக்கிக் குடுத்தாச்சு. இதும் போயிட்டா..."

முடிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார், வியர்வையைத் துடைப்பது போல.

இதற்காகவா இவ்வளவும்? பிளெக்ஸ், சோசியர், இருபத்தொரு தேங்காய். வாயைத் திறந்து நேராகக் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. தனக்கும் இல்லை என்பது பழனிக்குமாருக்கு உறைத்தது. 

"முகிலா எங்கயும் போகமாட்டா மாமா," என்றான். "வாராவாரம் ஞாயித்துக்கிழமை அகரத்துலதான் இருப்பா. அதுக்கு நான் நிலாவக் கட்டணும்னு இல்லை."

கண்ணுசாமி பிடியை விட்டார். பிள்ளை ஓடிவந்து அவன் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

தேங்காய்கள் ஓரமாக இருந்த ஒரு மேசைக்குக் கீழே போயின. வெற்றிலையையும் மஞ்சளையும் குப்பையில் மட்டும் போட்டுவிடாதே என்று புவனேஸ்வரி அஃப்சானாவிடம் கெஞ்சினாள். தூக்குவாளியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெரியப்பா அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. முதல் ஆளாகக் கப்பலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

கப்பலுக்குப் போகும் சாய்வுப் பாலத்தில் கண்ணுசாமி மெதுவாக வந்து அவனோடு சேர்ந்துகொண்டார். கீழே கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் எண்ணெய் மிதக்கும் கறுப்புத் தண்ணீர்.  தொண்டையைச் செருமினார்.

"சரி விடுங்க மாப்ள. நீங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. திதி முடியட்டும். குருபலனுக்குச் சோசியர் ஒரு வழி சொல்லாமலா போயிருவாரு? ஆவணியில ஊருலயே வச்சுப் பாத்துக்கலாம்."

பழனிக்குமார் நின்றான். இந்த மனிதரின் காதில் இத்தனை நேரம் என்னதான் விழுந்தது? பின்னால் நிலா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

"ஆவணியிலயும் இல்லை மாமா," என்றான்.

இந்தத் தடவை சொல் எளிதாக வந்தது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலுக்குள் காலை வைத்தான்.