இடுப்பளவுக் காம்பு

லூக்கா திருநாள் சந்தைக்குள் நுழைந்ததிலிருந்து லோவ்ரோவுக்கு வாய் ஓயவில்லை. தொத்திறைச்சியில் உப்பில்லை, பிளம் சாராயத்தில் தண்ணீர், பனி விழ வேண்டிய காலத்தில் வெயில் என்று தொட்டதற்கெல்லாம் குறை. கால் நடக்காவிட்டால் வாயாவது நடக்கட்டும் என்று அவன் மனைவி சால்கா பேசாமல் வந்தாள். போன குளிர்காலத்தில், மேல்காட்டில் அவன் வெட்டிச் சாய்த்த பீச் என்னும் காட்டுமரமே உருண்டு வந்து அவன் இடுப்பெலும்பை நொறுக்கியது. வசந்தத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். வசந்தம் வந்தது, கோடையும் போனது. பாழாய்ப்போன இடுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அவன் வெட்டிய கட்டைகள் மேலே கிடக்கின்றன. அவன் நினைப்பெல்லாம் அங்கேதான். பனிக்கு முன்னால் ஏறிப்போய், கட்டை இழுக்கும் கொக்கியால் கொத்தி, அவற்றைச் சரிவில் இறக்கிவிட்டால் போதும். தன் வீட்டு அடுப்புக்குத் தானே விறகு கொண்டுவந்தவன் ஆகிவிடுவான். இந்த வருஷம் போகாவிட்டால் இனி என்றைக்கும் காட்டுக்குப் போகமாட்டான். அது அவனுக்கே தெரியும். பழைய கொக்கி அந்த மரத்தடியில் முறிந்துபோயிருந்ததால், புதியது வாங்கத்தான் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"வாங்கண்ணே! இன்னும் உசிரோடதான் இருக்கீங்களா?" என்றான் கருவிக்கடை ஃபெரியன்.

"நீ விக்கிற கோடாலிய வச்சு வேலை செஞ்சே சாகலை. மரம் விழுந்தா சாவேன்? கொக்கிய எடுடா."

ஃபெரியன் முதலில் ஒரு நீண்ட இடுக்கியை நீட்டினான். "இத பாருங்க. கட்டைய கவ்விப் பிடிச்சுக்கும். குனியவே வேண்டாம்."

"தணல் எடுத்துப் போடவா? என் மாமியாருக்குக் குடு."

"எங்கம்மாவ ஏன்யா இழுக்கிறே, கிழவா?" என்றாள் சால்கா.

பிளந்த விறகைத் தூக்கிப்போடும் கைக்கொக்கியையும் லோவ்ரோ ஒதுக்கினான். அவனுக்கு வேண்டியது கழுகு அலகுபோல வளைந்த இரும்பு, நீளக் காம்பில் செருகியது. ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் சுண்டி ஓசை கேட்டான். முனை ரொம்பக் கூராக இருந்தால் மரத்தைக் கவ்வியபிறகு விடாது, மழுங்கினால் வழுக்கும். கடைசியில் கனமான ஒன்றைப் பிடித்தான்.

"அது வேண்டாம். பக்கத்துல இருக்கிற லேசானத எடு" என்றாள் சால்கா.

"உனக்கென்ன தெரியும்?"

"தெரியும்னுதான் வச்சுக்கோயேன்."

ஏறும்போது சுமக்க லேசாக இருக்கட்டுமே என்று அவனும் விட்டுக்கொடுத்தான். அந்த மலைப்பக்கத்தில் காம்பை நீளமாகத்தான் கொண்டுவருவார்கள். வாங்குகிறவரின் இடுப்பெலும்புக்கு நேராக அளந்து, அங்கேயே அறுத்துக் கொடுப்பார்கள். நிற்க முடியாமல் போனதால், "என் அளவு உனக்குத் தெரியுமேடா" என்று சொல்லி, சால்காவைக் கடையில் விட்டுவிட்டு லோவ்ரோ தேவாலயச் சுவரோரம் போய் உட்கார்ந்தான்.

திரும்பி வந்தபோது காம்பு அறுத்து, இழைத்து, தயாராக இருந்தது. எடுத்துத் தன் காலோரம் நிறுத்தினான். அது பாதித் தொடையோடு நின்றுவிட்டது.

"ஏண்டா மடையா! யார் இடுப்புல அளந்தே?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஃபெரியன் சால்காவைப் பார்த்தான். "அக்கா இடுப்புலதாண்ணே. அக்காதான் சொன்னாங்க."

"கத்தாதே லோவ்ரோ. நான்தான் சொன்னேன்."

"உனக்கெதுக்குடி? கட்டை உன்ன இழுத்துக்கிட்டுப் போயிடும்!"

அவள் அவன் கையிலிருந்து கொக்கியை வாங்கினாள். பார்த்து வாங்குவதற்காகக் கடை முன்னால் போட்டிருந்த பீச் கட்டையின் நுனியில் கொத்தினாள். காம்பை லேசாகத் தூக்கி, பின்னால் கால் வைக்கும் இடத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு இழுத்தாள். கட்டை அடங்கிப்போய் அவளை நோக்கி நகர்ந்து வந்தது. சமதரையில் யாரும் அப்படித் திரும்பிப் பார்ப்பதில்லை. சரிவில் இழுத்துப் பழகியவர்களுக்குத்தான் அந்தப் பழக்கம் வரும். அது லோவ்ரோவுக்குத் தெரியும்.

"எங்கே கத்துக்கிட்டே?"

"மேல்காட்டுலதான். தங்கச்சி மார்த்தா வீட்டுல பிளம் பறிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன்ல."

"கோடை முழுக்கவாடி பிளம் பறிப்பாங்க?"

"நீ கேக்கவே இல்லையே. மார்த்தா புருஷனோட கொக்கிதான். காம்பு நீளம். இழுக்கிறப்பல்லாம் நெஞ்சுலயே இடிக்கும்."

கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அவன் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மேல இன்னும் எவ்வளவு கிடக்கு? பாதி இருக்குமா?"

அவள் கொக்கியைக் கட்டையிலிருந்து பிடுங்கினாள்.

"ஒரு கட்டை இருந்தாக்கூடப் போதும், சால்கா. ஒண்ணே ஒண்ண நான் இறக்கிடறேன். உட்கார்ந்துகிட்டாவது இழுத்துடுவேன்."

"ஒண்ணுமில்ல லோவ்ரோ. எல்லாம் இறக்கியாச்சு. மார்த்தா கொட்டாயில அடுக்கியிருக்கு."

"அப்போ இது எதுக்கு?"

"அடுத்த வருஷத்துக்கு."

ஃபெரியன் கொக்கியின் முனையில் சாக்குத்துணியைச் சுற்றிக் கட்டினான். லோவ்ரோ வழக்கம்போலக் கையை நீட்டினான். ஃபெரியன் அதைச் சால்காவிடம் கொடுத்தான்.