நாற்காலி மேல பை

என் தங்கை எழுதிய பாட்டை அலுவலகமே முணுமுணுக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பள்ளியில் கட்டுரைப் பரிசெல்லாம் வாங்கியவள் நான். அவளோ எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. பதினாறு வருடம் மாடாய் உழைத்து மேற்பார்வையாளர் ஆகியிருக்கிறேன், அடுத்த வாரம் துணை மேலாளர் பதவி முடிவாகிறது. ஆனால் பேப்பரில் படம் வருவது அவளுக்கு!

மதியச் சாப்பாட்டின்போது தட்டச்சு செய்பவள் ஆரம்பித்தாள். "மேடம், உங்க தங்கச்சி பாட்டுக்கு நீங்கதான் அர்த்தம் சொல்லணும்." எதிரில் மேலாளரும் இருந்தார். அவளே பாடியும் காட்டினாள்.

'நாற்காலி மேல பை இருக்கு, பைக்குள்ள ஒண்ணும் இல்ல. பெரியாளா ஆகப் போனவ பேரை மட்டும் விட்டுப் போனா.'

"இதுல என்ன பெரிய அர்த்தம்? பதவி, புகழுன்னு ஓடுறவ, உள்ளே காலி. தன்னைப் பத்தியே எழுதிக்கிட்டா. நேத்து வரைக்கும் சீந்த ஆளில்ல, இன்னிக்கு என்னமா ஆடுறா!"

"சரி, பை எதுக்கு மேடம்?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியாக வேண்டுமே! "இதுகூடத் தெரியலையா? ஆள் வெளிய சுத்தும். காலிப் பையை நாற்காலியில வச்சிட்டா, இங்கதான் எங்கயோ இருக்கான்னு நினைப்பாங்க."

மேலாளர் சாப்பிடுவதை நிறுத்தினார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் என் நாற்காலியில் வழக்கம்போல் என் பழைய பழுப்புப் பை. என் மடியில் இன்னொரு பை.

"ஓஹோ" என்றார். அவ்வளவுதான், துணை மேலாளர் பதவி போயிற்று.

பாவி, என்னைத்தான் எழுதியிருக்கிறாள்! எப்போது பார்த்தாள்? அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஒருநாள் அவள் வந்து வெகுநேரம் காத்திருந்ததாகக் காவலாளி சொன்னார். அன்று நான் சிபாரிசுக்காகப் பெரிய அதிகாரியின் வீட்டு வாசலில் நின்றேன். ஏன் வந்தாய் என்று அவளிடம் பிறகு கேட்கவும் இல்லை.

இடத்துக்கு வந்து அந்தப் பழுப்புப் பையை மேசை இழுப்பறைக்குள் திணித்தேன். உள்ளே ஏதோ சரசரத்தது. திறந்தால், மடித்த காகிதம்.

"அக்கா, பை இருக்கு, இப்ப வந்துடுவாங்கன்னு சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கீழ இருக்கிற பாட்டு உன்னைப் பத்தினது. வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லு, கிழிச்சுப் போட்டுடறேன்."

தேதி போட்டிருந்தாள். எட்டு மாதம் ஆகிறது. தினமும் அந்தப் பையைத் தூசி தட்டியிருக்கிறேன், ஒருநாளும் திறந்ததில்லை.

நின்றபடியே பாட்டு முழுவதையும் படித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற இடமில்லை. அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.